அடுத்தவர் பதிவில் புகையிலை போட்டேன், பணம் வரவில்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: தாளவாடிப் பக்கத்துச் சிறு விவசாயி நான். மைசூரு மாவட்டம் பிரியாபட்டணா தாலுகாவில், தெரிந்த ஒருவரிடம் மூன்றரை ஏக்கர் நிலத்தையும் இலை பதப்படுத்தும் பார்னையும் ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்து சிகரெட்டுக்குப் பயன்படும் வர்ஜீனியா புகையிலை போட்டேன். புகையிலை வாரியப் பதிவு அவர் பெயரில்தான். விளைச்சல் நன்றாக வந்தது. ஆனால் அவர் பதிவுக்கு அனுமதித்த அளவைவிட 1,100 கிலோ கூடிவிட்டது. எல்லாச் சரக்கும் அவர் கணக்கில் ஏலம் போனது. அனுமதித்த அளவுக்கான பணத்தைத் தந்துவிட்டார். கூடுதல் சரக்குக்கு வர வேண்டிய 2,60,000 ரூபாயைக் கேட்டால், அபராதம் பிடித்துவிட்டார்கள், வங்கி என் கடனுக்கு எடுத்துக்கொண்டது என்கிறார். கடைசியாக 1,50,000 தருகிறேன், மூன்று செக்காக வாங்கிக்கொள் என்கிறார். ரத்தத்தை வியர்வையாகச் சிந்தி விளைவித்தவன் நான். எவ்வளவு விளைய வேண்டும் என்று சொல்ல அரசாங்கம் யார்? வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் புகார் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? இன்னும் நான்கு சிப்பம் உறவினர் வீட்டில் இருக்கிறது. முன்பணம் வாங்கியபோது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் புரோநோட்டும் அவரிடம் இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி அவர் எப்படிப் பழகினார், எப்படி மாறினார் என்பதைப் பற்றியது. மனசு நொந்து எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அதில் எதுவும் இந்த விவகாரத்தைத் தீர்மானிக்கப் போவதில்லை. தீர்மானிப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரே ஒரு வரி: “பதிவு அவர் பெயரில்தான்.”

1975-ஆம் வருடப் புகையிலை வாரியச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி, வாரியத்தில் பதிவு செய்யாத யாரும் வர்ஜீனியா புகையிலை பயிரிடக் கூடாது. குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த வாரியம், ஏற்றுமதிக்கும் உள்நாட்டுக்கும் எவ்வளவு தேவைப்படும் என்று பார்த்து ஒவ்வொரு பருவத்துக்கும் மொத்த அளவை முடிவு செய்கிறது. பதிவு பெற்றவர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கிறது. விளைந்த இலை வாரியத்தின் ஏலத் தளம் வழியாகத்தான் போக வேண்டும். பதிவு, பார்ன் உரிமம், பாஸ் புத்தகம், பணம் ஏறும் வங்கிக் கணக்கு நான்கும் அவருடையவை. எனவே ஆவணங்களின்படி நீங்கள் ஒரு இலைகூட விளைவிக்கவில்லை. விளைவித்தவர் அவர், அளவைத் தாண்டியவர் அவர், அபராதம் கட்டியவரும் அவரே. வாரியத்திடம் போய் என் பணத்தைக் கொடு என்று கேட்க உங்களுக்கு வழியே கிடையாது. அபராதத்தை எதிர்க்கும் உரிமையும் அவருக்குத்தான் உண்டு.

அரசாங்கம் யார் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதைக் கேட்ட முதல் விவசாயி நீங்கள் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோவில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்பவருக்கு 11.1 ஏக்கரில் கோதுமை போடத்தான் அனுமதி இருந்தது. அவர் 23 ஏக்கரில் விதைத்தார். கூடுதலாக விளைந்ததை என் பண்ணைக்கே வைத்துக்கொள்கிறேன் என்று வாதாடியும், 1942-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. அவராவது தன் பெயரில் இருந்த அனுமதிக்காகச் சண்டை போட்டார். உங்களிடம் அந்த அனுமதியே இல்லை.

அடுத்தது குத்தகை. தமிழ்நாட்டில் உழவடைக் குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த நினைப்பில்தான், ஒப்பந்தம் கையில் இருக்கிறது என்று தைரியமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலம் இருப்பது கர்நாடகத்தில். அங்கே 1961-ஆம் வருட நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 5-வது பிரிவு, 1974 திருத்தத்துக்குப் பிறகு, விவசாய நிலத்தைப் புதிதாகக் குத்தகைக்கு விடுவதையே தடுக்கிறது. விதிவிலக்குகள் மிகச் சில. அவற்றில் நீங்கள் வர மாட்டீர்கள். ஆக, உங்கள் கையில் இருக்கும் முத்திரைத்தாள் ஒப்பந்தம் இரண்டு சட்டங்களுக்கு விரோதமானது. ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, சட்டம் தடுத்த ஒன்றைச் செய்வதற்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. எத்தனை ரூபாய் முத்திரைத்தாள், எத்தனை சாட்சி என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வரும் பேச்சு.

அப்படியானால் ஒன்றுமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்தால், அதன் மூலம் பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 65-வது பிரிவு. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டத்துக்கு உட்பட்டு ஒருவருக்குச் செய்த வேலையின் பலனை அவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது 70-வது பிரிவு. உங்கள் வக்கீல் இந்த இரண்டையும் வைத்துத்தான் வாதாடுவார். எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் உங்களை ஒரே கேள்வி கேட்பார்: “பயிர் வைக்கும்போதே உங்களுக்குப் பதிவு இல்லை என்று தெரியுமா?” தெரியும் என்பதுதான் உண்மை. அந்தப் பதிலோடு 65-வது பிரிவு பாதி விழுந்துவிடும். சட்டத்துக்கு உட்பட்ட வேலையா என்ற இடத்தில் 70-வது பிரிவும் தடுமாறும். தப்பில் இரண்டு பேருக்கும் சமபங்கு என்றால், நீதிமன்றம் பொதுவாக இருவரையும் அவரவர் நிற்கும் இடத்திலேயே விட்டுவிடும். அவர் நிற்கும் இடத்தில் பணம் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் எதுவும் இல்லை.

இப்போது நீங்கள் எழுதி வைத்திருக்கும் புகாருக்கு வருகிறேன். அதை அனுப்பாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இதே மாதிரி அடுத்தவர் பதிவில் பயிர் வைத்த ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். வருவதற்கு ஒரு வாரம் முன்பே, “உண்மையான விவசாயி நான்தான்” என்று தலைப்பிட்டு, குத்தகை ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்து, நான்கு அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். நியாயம் கேட்டதாகத்தான் அவர் நினைத்தார். படித்தவர்கள் கண்ணுக்கு அது பதிவில்லாமல் வர்ஜீனியா பயிரிட்டதாக அவரே கைப்பட எழுதித் தந்த வாக்குமூலமாகத் தெரிந்தது. புகையிலை வாரியச் சட்டத்தை மீறுவது தண்டனைக்குரிய குற்றம். நில உரிமையாளரும் பதிவு போய்விடும் என்று பயந்து, “இவரை எனக்குத் தெரியவே தெரியாது, கூலிக்கு வந்தவர்” என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அதுவரை அவர் தருவதாகச் சொன்ன தொகையும் போய்விட்டது. எந்தப் புகாராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. நல்ல உழைப்பாளி அந்த விவசாயி. அந்தத் தபாலை மட்டும் ஒரு வாரம் நிறுத்தி வைத்திருந்தால் பாதிப் பணமாவது வாங்கிக் கொடுத்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

உங்கள் மகன் அவருக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியையும் இணைத்திருந்தீர்கள். “பணம் வரவில்லை என்றால் வாரியத்தில் சொல்லி உன் லைசென்ஸைக் காலி செய்வேன்” என்று அதில் இருக்கிறது. பாக்கியைக் கேட்பது வேறு, புகார் செய்வேன் என்று பயமுறுத்திப் பணம் கேட்பது வேறு. இரண்டாவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் வரும் மிரட்டிப் பறித்தல் என்று சொல்ல அவருக்கு இடம் கொடுக்கும். அதை இப்போது அழிக்க வேண்டாம், அவர் போனில் அது இருக்கத்தான் செய்யும். இனி மகன் ஒரு வரிகூட அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். அவர் பக்கமிருந்து வந்த செய்திகளை மட்டும் அந்த போனிலேயே பத்திரமாக வைத்திருங்கள். “1,50,000 தருகிறேன்” என்று அவரே எழுதியிருப்பதுதான் உங்களிடம் இருப்பதிலேயே மதிப்புள்ள காகிதம். பணம் அவர் கைக்குப் போனதிலிருந்து மூன்று வருடம்தான் வழக்குப் போடக் காலவரம்பு. கெடு முடிவதற்குள் அவர் தரப்பிலிருந்து எழுத்தில் வரும் ஒப்புதல் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணலாம்.

உறவினர் வீட்டில் இருக்கும் நான்கு சிப்பத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. இந்த மாதிரி மிச்சச் சரக்கைத் தேடி இரவில் வண்டியோடு வந்து ரொக்கம் நீட்டும் ஆட்கள் உண்டு. ஏலத் தளத்துக்கு வெளியே வர்ஜீனியா இலையை விற்பது தனிக் குற்றம். இதுவரை உங்கள் தப்பு காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தச் சரக்கோடு பிடிபட்டால் அது கையும் களவுமாகிவிடும், உறவினரும் சேர்ந்து மாட்டுவார். அது சட்டப்படி போகக்கூடிய இடம் ஏலத் தளம் ஒன்றே, அங்கே கொண்டுபோகக்கூடியவர் பதிவுக்காரர் ஒருவரே. எடை போட்டு அவரிடம் ஒப்படையுங்கள், தேதி, கிலோ, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். விற்றுப் பணம் வந்தால் சரி. வராவிட்டால் அந்த நான்கு சிப்பத்தை நஷ்டக் கணக்கில் எழுதிவிடுங்கள். அதற்காகச் சிறைவாசல் மிதிக்க வேண்டியதில்லை.

சரி, என்ன செய்யலாம்? சமரசம் செய்துகொள்ளுங்கள். 2,60,000 உங்களுக்கு நியாயமாக வர வேண்டிய தொகையாகவே இருக்கலாம். ஆனால் உங்களால் வசூலிக்க முடிந்த தொகை அது இல்லை. அவர் சொல்லும் 1,50,000-ஐ மேலே கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். 1,75,000 வந்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் 1,50,000-க்கே முடியுங்கள். வழக்குப் போட்டால் நீதிமன்றக் கட்டணம், வக்கீல் செலவு, தாளவாடியிலிருந்து பிரியாபட்டணா வரை வாய்தாவுக்கு வாய்தா அலைச்சல், கடைசியில் கூண்டில் அந்தக் கேள்வி. உங்கள் நிலைமையில் என் அண்ணன் இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

மூன்று செக் என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் உள்ளே தள்ளிவிடலாம் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அந்தப் பிரிவு சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்குத்தான் பொருந்தும். செக் திரும்பிய பிறகு அவர் வக்கீல் எழுந்து, இது சட்டவிரோத ஒப்பந்தத்தில் வந்த பணம், கடனே இல்லை என்பார். நீங்கள் தப்பிக்க நினைத்த அதே குழியில் மறுபடி விழுவீர்கள். ஒரே தவணையில், வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள். கொஞ்சம் குறைத்துத் தந்தாலும் அன்றைக்கே வரும் பணம் மேல்.

அபராதம் பிடித்தார்கள் என்று அவர் சொல்வதை அவருடைய விற்பனைச் சீட்டில் பாருங்கள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். அப்புறம், கூடுதல் விளைச்சலுக்கான அபராதத்தை மத்திய வர்த்தக அமைச்சகம் சில வருடங்களில் தள்ளுபடி செய்திருக்கிறது. அப்படி இந்தப் பருவத்துக்கும் வந்தால் பலன் அவருக்குத்தான் போகும். அதில் உங்களுக்கு எவ்வளவு என்பதை இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு அப்புறம் வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுதும் காகிதத்தில் பொய் வேண்டாம், கதையும் வேண்டாம். இருவருக்கும் இடையே இருந்த பணக் கணக்கு இன்ன தொகைக்கு முடிந்தது, இனி ஒருவர் மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை, இது போதும். நேரில் பேசினால் சண்டை வருமென்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. மனுவிலும் பணக் கணக்கு என்ற அளவோடு நிறுத்துங்கள்.

அடுத்த பருவத்துக்கு வேறொருவர் பார்ன் தருவதாகச் சொல்கிறார் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாரியப் பதிவு உங்கள் பெயரில் வராத வரை ஒரு நாற்றுகூட நட வேண்டாம்.

கடைசியாக அந்த வெற்றுப் புரோநோட்டு. அதில் அவர் எந்தத் தொகையை எழுதி வழக்குப் போட்டாலும், பணம் கைமாறியது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். நிரூபிக்க நீங்கள் குத்தகைக் கதை முழுவதையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிவரும். ஆகவே பணம் கணக்கில் ஏறும் அதே நாளில், அதே மேசையில், புரோநோட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். தொலைந்துவிட்டது என்று அவர் சொன்னால், தொலைந்தது என்பதையே சமரசக் காகிதத்தில் எழுதி, இனி அதை வைத்து எந்தக் கோரிக்கையும் செய்ய மாட்டேன் என்று அவர் கையெழுத்தும் அவர் தரப்புச் சாட்சி ஒருவர் கையெழுத்தும் வாங்காமல் எழுந்துவராதீர்கள்.