மீக்குறுந்துடிப்பு லேசர்: அளவீடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வேகமான ஃபோட்டோடயோடும் ஆஸிலோஸ்கோப்பும் இருந்தால், ஃபெம்டோ வினாடி (10⁻¹⁵ வினாடி) அளவிலான லேசர் துடிப்பின் அகலத்தை, அதாவது அது நீடிக்கும் நேரத்தை, நேரடியாகவே அளந்துவிட முடியாதா, ஐயா?

பதில்: முடியாது. மிக வேகமான ஃபோட்டோடயோடுக்கும் சில பிக்கோ வினாடிகளாவது (ஒரு பிக்கோ வினாடி என்பது ஆயிரம் ஃபெம்டோ வினாடி) தேவை. ஆகவே துடிப்பை அந்தத் துடிப்பைக் கொண்டே அளக்கிறோம். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சற்றே தாமதப்படுத்தி, இரண்டையும் ஒரு சிறு கோணத்தில் பிபிஓ (பீட்டா பேரியம் போரேட்) படிகத்தினுள் சந்திக்க வைத்தால், அவை ஒரே கணத்தில் வந்து சேரும்போது மட்டும் இரு கற்றைகளுக்கும் நடுவே இருமடங்கு அதிர்வெண் கொண்ட நீல ஒளி தோன்றும். தாமதத்தைத் தரும் ஆடியை 1 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் போய்வரும் பாதை 2 மைக்ரோமீட்டர் கூடுவதால், ஏறத்தாழ 6.7 ஃபெம்டோ வினாடி தாமதம் கிடைக்கிறது.

கேள்வி: தாமதத்துக்கேற்ப அந்த நீல ஒளியின் அளவை வளைவாக வரையும் என் ஆட்டோகோரிலேட்டர் 140 ஃபெம்டோ வினாடி அகலம் காட்டுகிறது. துடிப்பின் அகலம் அதுதானா?

பதில்: இல்லை. துடிப்பு காஸியன் வடிவம் என்று கொண்டால் 1.41 ஆல் வகுத்து 99 என்பீர்கள். செக் வர்க்க (sech²) வடிவம் என்று கொண்டால் 1.54 ஆல் வகுத்து 91 என்பீர்கள். விடையில் பாதி உங்கள் அனுமானமே. அதோடு, இந்த வளைவு எப்போதும் சமச்சீராகவே இருக்கும் என்பதால், முதன்மைத் துடிப்புக்கு முன்னால் வரும் சிறு துடிப்பையும் பின்னால் வரும் ஒன்றையும் அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. 1993இல் கேனும் ட்ரெபினோவும் அறிமுகப்படுத்திய ஃபிராக் (FROG) முறையில், ஒவ்வொரு தாமதத்திலும் அந்த நீல ஒளியின் நிறமாலையைப் பதிவுசெய்து, கணினியில் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, துடிப்பின் வடிவத்தையும் கட்டத்தையும் (ஒளி அலை தன் சுழற்சியில் எந்நிலையில் இருக்கிறது என்பதையும்) சேர்த்தே பெறுகிறோம். இரண்டாம் சீரிசையை, அதாவது அந்த இருமடங்கு அதிர்வெண் ஒளியை, பயன்படுத்தும் இம்முறையிலும் காலத்தின் திசை மட்டும் ஐயத்துக்குரியதாகவே இருக்கும். பாதையில் ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகி மீண்டும் அளந்தால் அதுவும் தெளிவாகிவிடும். கட்டத்தைக் குறிப்பிடாமல் அகலத்தை மட்டும் தரும் அளவீட்டை நான் முழுமையானதாகக் கொள்வதில்லை.

கேள்வி: சைகை வலுவாகக் கிடைக்கத் தடித்த படிகம் போடலாமா?

பதில்: வேண்டாம். தடித்த படிகம் குறுகிய நிறப்பட்டையை மட்டுமே திறம்பட மாற்றும். 800 நானோமீட்டரில் காஸியன் வடிவ 10 ஃபெம்டோ வினாடித் துடிப்புக்குக் குறைந்தது 94 நானோமீட்டர் பட்டையகலம் தேவை. சில பத்து மைக்ரோமீட்டர் தடிமனே அதற்குப் பொருந்தும்.

கேள்வி: லேசரின் வாயிலில் 10 ஃபெம்டோ வினாடியாக இருப்பது ஆய்வு மாதிரியை அடைகையில் 100 ஆகிவிடுகிறதே?

பதில்: வழியில் 1 சென்டிமீட்டர் உருகு சிலிக்கா இருந்தாலே அவ்வளவு விரியும். சிவப்பு முந்த, நீலம் பின்தங்குகிறது. நிறத்துக்கு நிறம் வேறுபட்ட தாமதம் தரும் சிர்ப் ஆடிகளோ பட்டக இணையோ பெரும்பகுதியைச் சரிசெய்யும். எஞ்சியதற்குத் துடிப்பு வடிவமைப்பி வேண்டும். அதில் விளிம்புவிளைவு கீற்றணி நிறங்களைப் பிரிக்க, வில்லை அவற்றைத் திரவப் படிகத் திரையின் மீது குவிக்க, ஒவ்வொரு நிறத்தின் கட்டத்தையும் தனித்தனியே மாற்றிய பின் மற்றொரு வில்லையும் கீற்றணியும் அவற்றை ஒன்றுசேர்க்கும். பிபிஓ படிகத்தை ஆய்வு மாதிரி இருக்கும் இடத்திலேயே வைத்து அளந்து, கிடைத்த கட்டத்தின் எதிர்க்குறியைத் திரைக்குக் கொடுத்து, மீண்டும் அளந்து எஞ்சியதையும் கழியுங்கள்.