சுண்ணாம்பைச் சுண்ணாம்பால் எடுக்கலாமா?

போன இதழில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்துப் பழைய தண்ணீர் நிலையங்கள், மடங்கள் பற்றி எழுதியிருந்தேன். மகள் சவுத்தாம்ப்டனில் இருப்பதால் மூன்று மாதம் அங்கே தங்கிப் பார்த்தவை அவை. திருகோணமலையில் முப்பது வருடம் குழாய்த்தண்ணீர் வேலையிலேயே காலம் கழித்தவன் நான். மருமகன் கோட்டை, கோயில் என்று கூட்டிக்கொண்டு போனார். எனக்கோ பம்ப் வீடுகளைத்தான் பார்க்க வேண்டும் போலிருந்தது. வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ட்வைஃபோர்ட் நிலையத்தில் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுக்க மேலும் சுண்ணாம்பு போட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது அச்சுப் பிழையா? எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியிலும் வெள்ளையாகப் படிகிறது. நாங்களும் கிணற்றில் சுண்ணாம்பு போடலாமா? — வாசகி, உப்புவெளி

பதில்: அச்சுப் பிழை இல்லை, அம்மா. உங்கள் கேத்தலை வைத்தே சொல்கிறேன். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வாயு கூட இருக்கும்வரைதான் சுண்ணாம்பு கரைந்து நிற்கும். நீங்கள் தேநீருக்குக் காய்ச்சும்போது வாயு போய்விடுகிறது, சுண்ணாம்பு கேத்தலில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு ஊருக்கான தண்ணீர் முழுவதையும் காய்ச்ச முடியுமா? அதனால் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து விட்டார்கள். அது போய் அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் முதலே இருந்த சுண்ணாம்பு, புதிதாகப் போட்ட சுண்ணாம்பு, இரண்டுமே வெள்ளைத் தூளாகி அடியில் தங்கிவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது என்போமே, அதேதான். இந்த முறைக்கு 1841இல் காப்புரிமை வாங்கியவர் அபர்டீனில் இரசாயனம் கற்பித்த தோமஸ் கிளார்க்.

ட்வைஃபோர்ட் நிலையம் 1898இல் தொடங்கியது. வின்செஸ்டருக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே பூமிக்கடியில் முழுக்க வெண்கட்டிக்கல்; நம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவோமே, அந்த மாதிரி வெள்ளைக் கல். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும், ஆனால் சுண்ணாம்பு நிறைந்தது. மருந்து அந்த இடத்திலேயே கிடைத்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நிலையத்தின் பின்பக்கமே கல்லை வெட்டி, சின்னத் தண்டவாளத்தில் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, அங்கேயே சூளையில் சுட்டு, நீற்றி, அதே கல்லுக்குள்ளிருந்து வந்த தண்ணீரில் கலந்தார்கள். அந்தச் சூளைகளின் முன்னே வெகுநேரம் நின்றேன். சின்ன வயதில் நம் கரையோரம் முருகைக்கல் சுட்ட சூளைகளைப் பார்த்திருக்கிறேன். வாய்ப்பக்கத்துச் செங்கல் வெந்து கறுத்திருப்பதுகூட அப்படியே.

1914இல் வைத்த நீராவி இயந்திரமும் அங்கே நிற்கிறது. ஒரே நீராவியை மூன்று உருளைகளில், சின்னதிலிருந்து பெரியதுக்கு, மூன்று தடவை வேலை வாங்கும் இயந்திரம். அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அதே வளாகத்தில் மின்சாரப் பம்புகள் இன்றும் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.

சரி, உங்கள் கிணற்றுக்கு வருவோம். தயவுசெய்து சுண்ணாம்பு போடாதீர்கள். அளவு பார்த்துப் போட வேண்டிய பொருள் அது. கூடிப்போனால் தண்ணீர் காரமாகி வாயைப் புண்ணாக்கிவிடும். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், ஆனால் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுக்காது. கேத்தலுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொஞ்ச நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள், படிவு கழன்று வரும்.

கேள்வி: போர்ட்ஸ்மவுத்தில் கழிவுநீரைக் கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்தார்களாமே, ஏன்? — மாணவன், உவர்மலை

பதில்: தம்பி, போர்ட்ஸ்மவுத் நகரத்தின் பெரும்பகுதி தட்டையான தீவில் இருக்கிறது. கழிவு தானாக ஓட அங்கே சரிவு இல்லை. அதனால் ஈஸ்ட்னி என்ற இடத்தில் 1887இல் பெரிய பம்ப் வீடு கட்டி, இரண்டு இயந்திரங்களை வைத்தார்கள். நம் துலாக்கிணறு தெரியும்தானே? அதே துலாதான் அது, இரும்பில். நடுவில் அச்சு, ஒரு முனையை நீராவி இழுக்க மறுமுனை மேலே வரும். துலா மிதிக்க ஆள் ஏற வேண்டும், அங்கே நீராவி ஏறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே ஏற்றிய கழிவைத் தொட்டிகளில் தேக்கி, வற்றத் தொடங்கியதும் திறந்தார்கள். ஏறும் நேரத்தில் விட்டால் கழிவு கரைக்கே திரும்பி வரும். நம் குடாவில் ஏற்ற வற்றம் முழங்கால் அளவு; அங்கே அமாவாசை, பௌர்ணமிக் காலத்தில் இரண்டு ஆள் உயரம். கடலுக்குள் அப்படி விடுவது சரியா என்று கேட்டால், இல்லை. ஆனால் தெருச் சாக்கடை நோயைக் கொண்டுவந்த காலத்தில் அதை ஊரைவிட்டு வெளியேற்றியதே பெரிய காரியம்.

இன்னொன்று, உனக்குப் பிடிக்கும். நம் ஊரின் பெயரை வைத்து 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய போர்க்கப்பல், வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாக இதே போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் பல வருடம் கிடந்தது. இப்போது பழைய பெயரோடு ஹார்ட்டில்பூலில் இருக்கிறது.

கேள்வி: அந்தக் காலத்தில் நகரத்து மக்களுக்குத் தண்ணீர் யார் கொடுத்தார்கள்? — வாசகர், மூதூர்

பதில்: சவுத்தாம்ப்டனில் துறவிகள் கொடுத்தார்கள். பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளுக்கு 1290இல் ஒரு ஊற்று தானமாகக் கிடைத்தது. அதைக் குழாய் போட்டு மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1310இல் மிஞ்சிய தண்ணீரை ஊருக்கு விட்டார்கள், 1420இல் முழுவதையும் நகரத்திடமே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் வந்த சிறிய கல்வீடு கமர்ஷியல் ரோட்டோரம் இன்றும் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் இறங்கி, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

கேள்வி: வின்செஸ்டரில் வழிப்போக்கருக்கு இன்றும் பாணும் பியரும் கொடுக்கிறார்களா? உண்மையாகவா? — வாசகி, நிலாவெளி

பதில்: உண்மை, அம்மா. செயின்ட் குரொஸ் என்ற முதியோர் மடம், 1130களில் ஹென்றி என்ற ஆயர் நிறுவியது. நம் அன்னசத்திரம் மாதிரி. இன்றும் அங்கே முதியவர்கள் வாழ்கிறார்கள். வாசலில் இருப்பவரிடம் நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காமல் தர மாட்டார்கள். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. மகள் முதுகில் தட்டி முன்னே அனுப்பினாள். கேட்டேன். ஒரு துண்டுப் பாணும் சின்னக் குவளையில் பியரும் வந்தன. பியரை மருமகனிடம் கொடுத்துவிட்டு, பாணை மூன்றாகப் பிய்த்து அந்த வாசலிலேயே நின்று சாப்பிட்டோம்.