ஏற்காட்டில் இறக்கம் ஓட்ட, என் எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளில் முதலில் எதை மாற்றுவது?

முன் பிரேக்கை மாற்றுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் டபுள் கிரவுன் ஃபோர்க், அதாவது ஃபிரேமின் கழுத்தை மேலும் கீழும் பிடிக்கிற டவுன்ஹில் முன் ஷாக், இப்போதைக்கு வேண்டாம்.

100 மி.மீ. அசைகிற முன் ஷாக், கேபிள் இழுக்கிற டிஸ்க் பிரேக், பின்னால் ஷாக் இல்லாத ஃபிரேம், கையில் முப்பதாயிரம் ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடத்துக்கு முன்பு நானும் ஏறக்குறைய இதே மாதிரி வண்டியோடுதான் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பினேன். சித்தப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். கிளம்பும்போது, "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கணும்டா" என்றார். லாரிக்கு அது சரி. பிரேக்கின் பாரத்தில் பாதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். சைக்கிளில் அந்த வேலையை யார் பார்ப்பது என்று நான் யோசிக்கவில்லை.

கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்குள். அடிவாரத்தோடு நின்றாலும் ஆயிரம் மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால் இறக்கத்தில் வெளிவருகிற ஆற்றல் 8 லட்சம் ஜூலுக்கு மேல் போகிறது. கிட்டத்தட்ட மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. தார் ரோட்டில் வேகமாகப் போனால் காற்று நிறைய வாங்கிக்கொள்ளும். மண் பாதையில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவருக்குச் சூட்டில் பெரும்பங்கு பிரேக் டிஸ்க் என்கிற அந்த இரண்டு மெல்லிய தகட்டுக்குத்தான் போகும். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் இறங்கியிருப்பேன், கீழிருந்து ஏழாவது வளைவுக்குப் பக்கத்தில் கருகல் வாடை வந்தது. லீவரை ஹேண்டில் வரை இழுத்தும் வண்டி கேட்கவில்லை. ஓரத்துக் கல்லில் உரசித்தான் நின்றேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் எழுந்துகூடப் போகவில்லை.

அதனால் முன்னும் பின்னும், கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக் போடுங்கள். பணம் இடித்தால் முன்பக்கம் மட்டுமாவது. முன் டிஸ்க் விட்டம் 160 மி.மீ. என்றால் 180 ஆக்குங்கள். அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும், சூடும் சீக்கிரம் ஆறும். 203-க்குத் தாவும் முன், உங்கள் ஃபோர்க் அதிகபட்சம் எந்த அளவு டிஸ்க்கைத் தாங்கும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். விலை குறைந்த டிஸ்க்குகளில் 'ரெசின் பேடுக்கு மட்டும்' என்று பொறித்திருப்பார்கள் (பேடு என்பது தகட்டைக் கவ்விப் பிடிக்கிற கட்டை, ரெசின் அதில் மென்மையான வகை). அதில் மெட்டல் பேடு போட்டால் தகடு வேகமாகத் தேயும். நீண்ட இறக்கத்துக்கு மெட்டல் பேடுதான் நல்லது என்பதால், அதற்கு ஏற்ற டிஸ்க்கையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். புதுப் பேடு போட்ட அன்றே மலைக்குப் போகக்கூடாது. சமதளத்தில் வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல் அழுத்திப் பிடித்து விடுவதை இருபது முறையாவது செய்தால்தான் பேடு தகட்டோடு படியும்.

ஆயில் விஷயத்தில் ஒன்று. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற டாட் ஆயில் வேறு. "எல்லாம் பிரேக் ஆயில்தானே" என்று ஒரு மெக்கானிக் எனக்கு டாட்டை ஊற்றிக் கொடுத்தார். உள்ளே ரப்பர் சீல் ஊதி, லீவரே போய்விட்டது.

அடுத்து டயர். காபித் தோட்டத்துப் பாதையில் சில்வர் ஓக் சருகு மெத்தைபோலக் கிடக்கும். அடியில் கூரான கல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்தால் செம்மண் டயரில் அப்பிக்கொள்ளும். மேக்சிஸ் மினியன் டிஎச்எஃப் போலப் பக்கக் கட்டைகள் தடித்த டயரை முன்னால் போடுங்கள். ஃபோர்க்கில் இடம் இருந்தால் 2.4 அல்லது 2.5 அங்குலம். பின்னால் பழைய டயரே கொஞ்ச நாள் ஓடட்டும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். ரிம் இடம் கொடுத்தால் டியூப்லெஸ் ஆக்குங்கள். டியூப்போடு காற்றைக் குறைத்தால் கல்லில் மோதும்போது பாம்பு கொத்தின மாதிரி ஜோடியாக ஓட்டை விழும். டியூப்லெஸ்ஸில் 70 கிலோ ஆளுக்கு முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ வைத்துப் பார்த்து, அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சேலத்து வெயிலில் சீலன்ட் (உள்ளே ஊற்றுகிற, ஓட்டை அடைக்கும் திரவம்) சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

முள் வைத்த ஃபிளாட் பெடல், ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம் 50 மி.மீ. நீளத்தில், கொஞ்சம் அகலமான ஹேண்டில்பார் எல்லாம் குறைந்த செலவு, செய்துவிடுங்கள். கியரைத் தொட வேண்டாம். முகம் மூடும் ஹெல்மெட்டும் முட்டிக் கவசமும் இன்னும் வாங்கவில்லை என்றால், இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

இப்போது ஃபோர்க். நான் இணையத்தில் பழைய 160 மி.மீ. ஃபோர்க் ஒன்றை அளவு கேட்காமல் பதினாலாயிரத்துக்கு வாங்கினேன். அதன் ஸ்டியரர், அதாவது ஃபிரேமின் கழுத்தான ஹெட் டியூப்புக்குள் நுழைகிற குழாய், கீழே 1.5 அங்குலத்துக்கு விரிகிற டேப்பர் வகை. என் ஃபிரேம் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக 1⅛ அங்குலத்துக்கானது. நுழையவே இல்லை. இப்போது யோசித்தால் நல்ல காலம் என்றுதான் தோன்றுகிறது. டபுள் கிரவுன் ஃபோர்க்கில் இந்தத் தடைகூடக் கிடையாது. ஃபாக்ஸ் 40, ராக்ஷாக்ஸ் பாக்ஸர் இரண்டிலும் ஸ்டியரர் நேர் குழாய், 1⅛தான். உங்கள் ஃபிரேமுக்குள் அழகாக இறங்கிவிடும், கடைக்காரரும் மாட்டிக் கொடுத்துவிடுவார். ஆனால் அது 200 மி.மீ. அசைவுள்ள ஃபோர்க். 100-க்குச் செய்த ஃபிரேமின் முன்பக்கத்தை ஒரேயடியாகத் தூக்கிவிடும். ஒவ்வொரு குழியிலும் அந்த நீளமே நெம்புகோலாகி ஹெட் டியூப் வெல்டிங்கைப் பிளக்கப் பார்க்கும். அதோடு அச்சு 20 மி.மீ., உங்கள் முன் சக்கரத்து ஹப் (நடுக்குடம்) அதற்குச் சேராது. ஃபோர்க்குக்காகச் சக்கரம் வாங்க வேண்டியதாகிவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 120 மி.மீ. ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்தது) போதும், அதையும் ஃபிரேம் கம்பெனி அனுமதித்தால்தான். இருபது மி.மீ. கூடினாலே ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட் டியூப்பின் சாய்வு, சுமார் ஒரு டிகிரி சாயும், இறக்கத்தில் அந்த வித்தியாசம் கையில் தெரியும். முழு டவுன்ஹில் வண்டி இங்கே எனக்குத் தேவைப்பட்டதில்லை. சின்ன யானையில் ஏற்றிக்கொண்டு போக ஆள் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அந்தக் கனத்தை இருபது வளைவும் மிதித்து ஏற்ற வேண்டும்.

அப்புறம், எஸ்டேட் பாதைகள் தனியார் நிலம். மேஸ்திரியிடமோ ரைட்டரிடமோ கேட்டுவிட்டு இறங்குங்கள், காபி பறிக்கிற மாதங்களில் பாதையில் ஆள் நிற்பார்கள்.

ஹெட் டியூப்பின் கீழ் வாய் உள்விட்டம், முன் அச்சின் தடிமன், பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வுகிற பாகம்) போல்ட் உட்காரும் இடத்தின் படம், இந்த மூன்றையும் கருத்துப் பெட்டியில் போடுங்கள். பெரிய டிஸ்க்குக்குக் காலிப்பரைத் தள்ளி மாட்ட எந்த அடாப்டர் வாங்குவது என்று சொல்கிறேன்.