இரட்டை ஓட்டு – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பாலஸ்தீனத்து யூதர்கள் இஸ்ரேல் நாடு அமைவதற்கு முன்பே, 1920இல், தங்கள் பிரதிநிதிகள் சபைக்குப் பெண்களும் ஓட்டுப் போட்ட ஒரு தேர்தலை நடத்தியதாகப் படித்தேன். உலகிலேயே அதுதான் முன்னோடியா? பெண்கள் ஓட்டுப் போடுவதை எதிர்த்த ஹரேதிகளுக்கு (தீவிர வைதீகர்கள்) ஜெருசலேமில் தனி வாக்குச்சாவடி வைத்து, அங்கே ஆண்கள் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் இரண்டாக எண்ணினார்களாம். யாரையும் விலக்காத அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தானே வேண்டும்?

முரளி

அன்புள்ள முரளி,

முன்னோடி இல்லை. நியூசிலாந்துப் பெண்கள் 1893இலேயே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். யார் முதல் என்கிற பந்தயத்தில் எனக்கு ஆர்வமும் இல்லை.

ஆனால் 'சாமர்த்தியம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. சில நாட்களாக என் அப்பாயி நினைவாகவே இருந்தேன். தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் திண்ணைக்கு வந்து, "வீட்ல எத்தனை ஓட்டு?" என்பார்கள். "ஏழு. ஏழும் உங்களுக்குத்தான்" என்பார் தாத்தா. அப்பாயி உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆனால் சாவடிக்குள் அவள் கையில் தனிச் சீட்டு ஒன்று இருந்தது. ஒருமுறைகூட தாத்தா சொன்ன சின்னத்தில் குத்தியதில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். தாத்தா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

அந்தச் சீட்டைத்தான் ஜெருசலேமில் பிடுங்கினார்கள், முரளி. ஓட்டை இரண்டாக எண்ணியபோது, பெண்ணும் ஒரு தலை என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க மட்டும் மறுத்தார்கள். யாரையும் விலக்கவில்லை என்கிறீர்கள். அந்த வீடுகளின் பெண்கள் உங்கள் கணக்கில் எங்கே போனார்கள்?

அன்றைய வாதங்களையும் கேளுங்கள். பெண்ணுக்கு ஓட்டு வந்தால் கணவன் மனைவிக்குள் கருத்து பிரியும், வீட்டின் அமைதி போய்விடும் என்று எதிர்த்தார் ரப்பி (யூத மதகுரு) கூக். சின்ன ஆள் இல்லை. 1921இல் தலைமை ரப்பி ஆனவர். அதற்குப் பதில் வேறு முகாமிலிருந்து வரவில்லை, இன்னொரு ரப்பியிடமிருந்தே வந்தது. பின்னாளில் செபார்டி (ஸ்பெயின் வழி வந்த) யூதர்களின் தலைமை ரப்பியான உசியேல் கேட்டார்: அப்படியானால் அப்பா வீட்டில் சாப்பிடும் வளர்ந்த மகன்களுக்கும் ஓட்டை மறுப்பீர்களா? தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பெண் கீழ்ப்படிய வேண்டுமாம், தேர்ந்தெடுக்க மட்டும் கூடாதாம், இது எந்த நியாயம்? சமய நூல்களுக்குள் நின்றே பேசிய இந்தக் குரலை நீங்கள் படிக்காமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று. பழைய ஜெருசலேமின் யூதர்களில் விதவைகள் ஏராளம். புனித மண்ணில் கண்மூட வேண்டும் என்று முதிய வயதில் வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. கணவனின் சீட்டை இரண்டாக எண்ணினால் மனைவி கணக்கில் வந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். விதவையை எந்த ஆணின் சீட்டில் சேர்த்து எண்ணினார்கள்? கட்டிக்கொள்ளாமலே இருந்தவளை? உங்கள் சாமர்த்தியத்திடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். நீங்கள் நல்ல மனசோடுதான் கேட்டீர்கள், தெரியும். அந்தத் தேர்தலில் ஜெயித்த 314 பேரில் 14 பேர் பெண்கள். அதன் பின்னால் ரோசா வெல்ட்-ஸ்ட்ராஸ் என்ற கண் மருத்துவர் இருந்தார். அறுபது வயது தாண்டி, 1919இல் அமெரிக்காவிலிருந்து வந்து, பெண்களின் சம உரிமைச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர். 1925 டிசம்பரில் இரண்டாவது தேர்தல் நடந்தது. பெண்கள் ஓட்டுப் போட்டார்கள், ஹரேதிகள் புறக்கணித்தார்கள். அடுத்த ஜனவரியில் கூடிய சபை பெண்களின் சம உரிமையைத் தீர்மானமாக அறிவித்தது. ரோசாவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதுவரை உசியேலைத் தேடிப் படியுங்கள்.

அன்புடன்,
அக்கா