சுண்ணாம்புக்கல் தரையில் ஆசிட் வேண்டாம், தம்பி

தம்பி, உன் கேள்வியைப் படித்தேன். மனைவிக்கு இங்கிலாந்தின் டாண்டனில் நர்ஸ் வேலை, நீ அவள் விசாவில் கூட வந்திருக்கிறாய். குலசேகரத்திலும் பிறகு மஸ்கட்டிலும் டைல்ஸ் பதித்திருக்கிறாய். சம்பளம், வாடகை, குளிர், சிவப்புச் சம்பா அரிசி என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய்: "ஒரு பழைய வீட்டில் சுண்ணாம்புக்கல் தரை போடக் கூப்பிடுகிறார்கள். கிரானைட் மாதிரி சிமெண்டில் பதித்து ஆசிட் விட்டுக் கழுவினால் போதும்தானே அண்ணா?"

அரிசி கிடைக்கும். குளிர் பழகிவிடும். வாடகையை உன் மனைவியோடு வேலை பார்ப்பவர்கள் என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள். நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். அந்த வேலையை நீ சொல்கிற விதத்தில் செய்தால் வருகிற கூலியைப் போல் பல மடங்கு கையிலிருந்து போகும்.

முதலில் ஆசிட். நம் ஊரில் தரை போட்டு முடித்ததும் மேலே படிந்த சிமெண்ட் பாலை எடுக்க ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து விளக்குமாற்றால் தேய்ப்போம். கிரானைட் அதைத் தாங்கும். சுண்ணாம்புக்கல் தாங்காது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் கல்லே கரையும். நான் வந்த புதிதில் எங்களோடு வேலை பார்த்த ஒருவர், யாரும் தடுப்பதற்குள் வாளியைச் சாய்த்துவிட்டார். சோடா பாட்டிலைத் திறந்தது போல ஒரு சீறல், தரை முழுக்க வெள்ளை நுரை. துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், விளக்குமாறு போன வழியெல்லாம் மெருகு போய் மங்கலான கோடுகள். கறையாக இருந்தால் எடுத்துவிடலாம். இதற்கு மேல்பரப்பையே இழைத்து மீண்டும் மெருகேற்ற வேண்டியதாயிற்று. எலுமிச்சைச் சாறு, வினிகர், ஆசிட் கலந்த கழிப்பறை கழுவும் திரவம் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லிவிட்டு வா.

அந்த நஷ்டத்தை எங்களைக் கூட்டி வந்த ஒப்பந்தக்காரர் எல்லோருடைய கூலியிலும் பிடித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது. மீட்டரில் காசு போட்டால்தான் ஹீட்டர் எரியும் அறை எங்களுடையது. கோட்டைக் கழற்றாமலே படுத்துக்கொண்டோம். அவரும் நம் மாவட்டத்துக்காரர்தான். ஊர்த் திருவிழாவுக்குப் போனால் நன்கொடை கொடுத்துப் பொன்னாடை வாங்கிக்கொள்வார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. நம் ஆள் என்று நம்பி வாய்ப்பேச்சில் வேலைக்குப் போகாதே. கூலியை எழுத்தில் வாங்கு. துணை ஒப்பந்தத்தில் போகிறாய் என்றால் முன்கூட்டியே வரித்துறையில் பதிந்துகொள். பதிந்தவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள், பதியாதவர்களுக்கு 30. பிடித்ததற்கு ரசீது கேட்டு வாங்கு.

இனி சிமெண்ட். உன் பக்கம், சாமர்செட்டில், பழைய வீடுகளின் தரையில் பெரும்பாலும் கிடப்பது ப்ளூ லயாஸ் என்கிற நீலச்சாம்பல் கல். நம் அடுக்களைகளில் அடுப்பு வைக்கும் கடப்பா கல்லுக்கு உறவு, அதுவும் சுண்ணாம்புக்கல்தான். சில பலகைகளில் சுருள் சுருளாகப் பழைய கடல் உயிர்களின் ஓடுகளைப் பார்க்கலாம், ஏறக்குறைய 20 கோடி ஆண்டு பழையவை. அந்தக் காலத்தில் கல்லை நேராக மண்மேலோ சுண்ணாம்புப் படுகைமேலோ கிடத்தினார்கள். கீழே பாலிதீன் கிடையாது. மண்ணின் ஈரம் கல்லின் இடுக்குகள் வழியாக மேலே வந்து காற்றில் காய்ந்துவிடும். நீ அங்கே பாலிதீன் விரித்துக் கான்கிரீட் கொட்டினால் அந்த ஈரம் போக வழியில்லாமல் சுவரில் ஏறும். 1919க்கு முந்தைய வீடுகளில் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத திடச் சுவர்கள். முழங்கால் உயரம் வரை பூச்சு பொரிந்து உதிரும். அந்த வீட்டுக்கு தண்ணீரோடு சேர்ந்து இறுகும் நீரியல் சுண்ணாம்பு, அதாவது என்.ஹெச்.எல். 3.5 என்று மூட்டையில் போட்டிருப்பதை மணலோடு குழைத்துப் பதிக்க வேண்டும். அது மெதுவாகத்தான் இறுகும். உறைபனி நாட்களில் தொடாதே. கையுறை இல்லாமலும் தொடாதே, தோல் வெந்துவிடும்.

இதைச் சொன்னால் நம் ஆட்களில் பலர் முகம் சுளிப்பார்கள். சுண்ணாம்பு பழங்காலத்துச் சரக்கு என்ற எண்ணம். கூட வேலை பார்த்த போலந்துக்காரர் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். நம்மவர்கள் "எனக்குத் தெரியும்" என்று கரண்டியை எடுத்தார்கள். எனக்கு அது எளிதாக வந்ததற்குக் காரணம் என் அப்பா. தக்கலையில் கொத்தனார். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்தில் பூசிய தலைமுறையின் கடைசி ஆட்களில் ஒருவர். கரண்டியில் சாந்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார்; ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சுவருக்குப் போகும். இங்கே எனக்கு வேலை கற்றுத்தந்த வயதான ஆங்கிலேயக் கொத்தனாரும் அதையேதான் செய்தார். நான் அவருக்கு முன்பே கரண்டியைக் கவிழ்த்துக் காட்டியதும் அன்றிலிருந்து சாந்து குழைக்கும் வேலையை முழுவதும் என்னிடமே விட்டுவிட்டார்.

நீ பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பாய். முகம் தெரிகிற அந்தக் கறுப்புத் தரையில் சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்திருப்பதாகச் சொல்வார்கள். அங்கே வெறுங்காலோடுதான் நடக்கவிடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அப்பா என்னைக் கூட்டிப்போகும்போதெல்லாம் கூரையின் மரவேலையைப் பார்க்கமாட்டார். உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டிருப்பார். சிமெண்ட் வந்து அவருக்கு வேலை குறைந்த காலம் அது.

புதிய வீட்டில் வேலை வந்தால் விஷயம் வேறு. அங்கே சிமெண்ட் பசை போதும், ஆனால் வெள்ளைப் பசை. வெளிறிய கல்லில் சாம்பல் பசையின் நிறம் மேலே தெரியும். நான்கு மூலையில் உருண்டை வைத்து ஒட்டாதே, முழுப் பரப்பிலும் பரப்பு. கல்லுக்கு அடியில் போட்டிருக்கும் சமதளப் பூச்சு ஜிப்சம் வகை என்றால் அதன் மேல் படிந்த பால் படலத்தை இழைத்து எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் அடித்தே பசை. இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று கல் பெயர்ந்து வரும். இடுக்கு நிரப்புவதற்கு முன்பே கல்லுக்கு சீலர், அதாவது கறை உறிஞ்சாமல் காக்கும் பூச்சு, கொடு. தண்ணீர் விட்டுத்தான் அறு, முகக்கவசம் இல்லாமல் அறுக்காதே.

இப்போது அந்த வீட்டுக்குப் போ. பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடமா என்று முதலில் கேள். ஆமாம் என்றால், உள்ளூர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் பழைய கல்லைப் பெயர்ப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் தொடாதே. அப்படி இல்லை என்றால் வீட்டுக்காரர் முன்னிலையில் ஓரத்தில் ஒரு கல்லை மட்டும் பக்குவமாகத் தூக்கிக் கீழே மண்ணா, சுண்ணாம்பா, கான்கிரீட்டா என்று பார். படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதுவரை யாரிடமும் விலை சொல்லாதே.