முதல் மழைக்குக் கிளம்பும் கூட்டம்: கேள்வி பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, அமெரிக்காவில் வசந்தகால மழையில் சாலமாண்டர்கள் கூட்டமாக ரோட்டைக் கடக்கும் வீடியோ பார்த்தேன். நம்ம ஜவ்வாது மலையில் இருக்கிறதா?

இல்லை தம்பி. இந்தியாவில் டார்ஜிலிங், சிக்கிம், வடகிழக்கு மலைகளில்தான் சாலமாண்டர் வகை உண்டு. வீடியோவில் பார்த்ததற்குக் கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி இருந்ததா? அது புள்ளிச் சாலமாண்டர். வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடந்துவிட்டு, குளிர் விட்டு மழை பெய்யும் ராத்திரியில் காட்டுக் குட்டைக்கு நடந்தே போகும். கோடையில் வற்றிவிடும் குட்டைதான் அதற்கு வேண்டும், ஏனென்றால் வற்றுகிற இடத்தில் மீன் தங்காது, மீன் இல்லாவிட்டால் முட்டை பிழைக்கும்.

காட்பாடி: பல்லி இனம்தானே அது?

உருவம்தான் பல்லி. செதில் கிடையாது, ஈரத்தோல், தவளைக்குச் சொந்தம். தோல் காய்ந்தால் செத்துவிடும், அதனால்தான் மழை ராத்திரியாகப் பார்த்துக் கிளம்புகிறது.

ஆற்காட்டிலிருந்து ஒரு அக்கா: பக்கத்துக் காலி மனையில் மழைத்தண்ணீர் நிற்கிறது, எலுமிச்சை மஞ்சளில் தவளைகள், ராத்திரி முழுக்கச் சத்தம். விஷமா? மண் போட்டு மூடலாமா?

தயவுசெய்து மூடாதீர்கள் அக்கா! விஷமில்லை. நம்ம ஊர் பெருந்தவளையில் ஆண் அது, ஜோடி சேரும் நாட்களில் மட்டும் இப்படி மஞ்சளாகும். சாத்துமதுரைப் பக்கம் வயலில் டார்ச் அடித்து ஒரு முழம் தூரத்தில் பார்த்திருக்கிறேன், கத்தும்போது தாடையின் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் பை உப்பும், அவ்வளவு அழகு. கொசு வருமே என்று பயப்படுவீர்கள். அதன் தலைப்பிரட்டைகள் கொசுப்புழுவையும் பிடித்துத் தின்னும்.

வாலாஜா: மழை விட்ட காலையில் ஏரிக்கரை ரோடு முழுக்கத் தவளைகள் நசுங்கிக் கிடக்கின்றன, என்ன செய்ய?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் 1987லேயே சாலமாண்டர் கடக்க ரோட்டுக்கடியில் சின்னச் சுரங்கம் வைத்தார்கள். நம்மிடம் அது இல்லை, சரி, கோடை வெயிலுக்குப் பிறகு நல்ல மழை பெய்யும் முதல் ராத்திரிகளில் ஏரி ஓரம் வண்டியை மெதுவாக ஓட்டலாம். ஆள் நடமாட்டமில்லாத தெருவாக இருந்தால் ஈரக்கையால் எடுத்து, அது போன திசையிலேயே விடுங்கள். ஹைவேயில் இறங்கவே வேண்டாம். தேரையைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும்.

சத்துவாச்சாரி: தண்ணீர்த் தொட்டி சுவரில், தண்ணீருக்கு மேலே வெள்ளையாக நுரை ஒட்டியிருக்கிறது. சோப்பா?

மரத்தவளையின் கூடு அது! முட்டை உள்ளே இருக்கிறது. தேய்த்துக் கழுவாமல் சில நாள் விடுங்கள், பொரிந்த தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும். அப்புறம் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.