பார்த்தீனியம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: எங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள காலி மனைகளில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. இரண்டு ஆண்டுகளாக எல்லோரும் பணம் போட்டு, பொக்லைன் வைத்து வழித்துவிடுகிறோம். அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாக வந்துவிடுகிறது. உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்று சிலரும், தீ வைத்துவிடலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: முதலில் பொக்லைனை நிறுத்துங்கள். பணமும் கொடுத்து, அடுத்த மழைக்கான விதையையும் நீங்களே விதைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நன்றாக வளர்ந்த ஒரு பார்த்தீனியச் செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கும். மண்ணின் மேலே கிடப்பவற்றில் பெரும்பாலானவை அதிக நாள் தாங்குவதில்லை; முளைத்துவிடும், இல்லையென்றால் கெட்டுவிடும். சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்தவையோ ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இயந்திரம் வழிக்கும்போது மேலே கிடந்தது உள்ளே போகிறது, உள்ளே உறங்கியது வெளிச்சத்துக்கு வருகிறது. போட்டிக்கு ஒரு புல்கூட இல்லாத வெற்று மண்ணில் முதல் மழை விழுந்ததும் அது எழுவதில் வியப்பே இல்லை. போதாக்குறைக்கு, பொக்லைனின் சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடு விதை அடுத்த மனைக்கும் பயணம் போகிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960-களில் தங்கள் பகுதிக் காட்டில் கையால் களை பறித்துப் பறித்தே ஒரு முறையை வகுத்தார்கள். நல்ல இடத்தில் தொடங்கி மோசமான இடத்தை நோக்கி நகர வேண்டும். மண்ணை முடிந்தவரை கிளறக் கூடாது. பறித்த இடத்தில் நல்ல செடிகள் தழைக்கும் வேகத்துக்கு மேல் பறிக்கக் கூடாது. இவ்வளவுதான். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். அடர்ந்த புதரைப் பார்த்ததும் அங்கேதான் கத்தியோடு இறங்குகிறோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ஓரங்களை விட்டுவிடுகிறோம். பத்துச் செடி நிற்கும் மனையை ஒரு மாலையில் காப்பாற்றிவிடலாம். முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

பறிக்கும் பருவம் மிக முக்கியம். முளைத்த பார்த்தீனியம் முதலில் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். இலை வெளிர்பச்சை, சாமந்தி இலைபோல் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், தொட்டால் மெல்லிய சொரசொரப்பு. ஈர மண்ணில் அந்த வட்டத்தின் நடுவில், தரையை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஆணிவேர் முழுதாக வந்துவிடும். மேலே பிடித்து இழுத்தால் தண்டு முறியும். அடித்தண்டிலிருந்து மறுபடி கிளைக்கும். அரிவாளால் வெட்டினாலும் அதே கதைதான். முளைத்து நான்கைந்து வாரங்களிலேயே பூக்கத் தொடங்கிவிடும் என்பதால், மழைக்காலத்தில் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை சுற்றி வந்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் ஐம்பது பேர் கூடுவதைவிட, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஐந்து பேர் ஒரு மணி நேரம் வருவது எவ்வளவோ மேல். மனை உரிமையாளர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். இந்தச் செடியில் உள்ள பார்த்தெனின் என்ற பொருள் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மகரந்தம் மூச்சுத்திணறலைத் தூண்டும். பல முறை பட்ட பிறகுதான் சிலருக்கு ஒவ்வாமையே தொடங்கும். ஆகவே "எனக்கு இதுவரை ஒன்றும் செய்ததில்லை" என்று யாராவது வெறும் கையோடு வந்தால் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் விலகியே இருக்கட்டும்.

உப்பு வேலை செய்யும், மறுக்கவில்லை. லிட்டருக்கு 200 கிராம் கரைத்துத் தெளித்தால் இலை கருகும். ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கும். நாளை அங்கே வர வேண்டிய புல்லையும் சேர்த்துக் கெடுக்கும். தீயும் வேண்டாம். புகை எல்லோருக்கும் கேடு, புதைந்த விதைக்கு அது எட்டவும் எட்டாது. கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள் எதிர்ப்பட்ட பச்சையை எல்லாம் கொன்று மறுபடி வெற்று நிலத்தையே விட்டுச்செல்லும். உங்கள் இடத்தின் அளவுக்கு அது தேவையே இல்லை.

இலைகளில் ஓட்டை ஓட்டையாக இருந்தால் உற்றுப் பாருங்கள். வெளிர்மஞ்சள் முதுகில் பழுப்பு நிற நெளிகோடுகள் உள்ள சிறு வண்டு கண்ணில் பட்டால் அது உங்கள் கூட்டாளி. மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டு இந்தியாவில் 1984-இல் விடப்பட்ட இந்த வண்டும் அதன் புழுவும் பார்த்தீனிய இலையைத் தின்றே வாழ்கின்றன. அது மேயும் செடிகள் இன்னும் பூக்கவில்லையென்றால் அவற்றைக் கடைசியாகப் பறியுங்கள்.

பூக்காத செடிகளைத் தாராளமாக மட்கவைத்து உரமாக்கலாம். இப்போது பூத்து நிற்பவற்றை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு வெள்ளைப் பூவிலும் ஐந்து விதை வரை இருக்கும். பறித்துப் போட்ட பிறகும் முற்றக்கூடும். செடியை உலுக்காமல், நின்ற இடத்திலேயே தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தலைகீழாக இறக்கி, வாயை இறுகக் கட்டி, சில வாரங்கள் நல்ல வெயிலில் போட்டுவையுங்கள். அந்த இடத்தை மட்டும் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.